அக்கரையில் ஆட்சி மாறினால் இக்கரையில் என்ன மாறும்? – வாசகர் கேள்வி பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர்: அண்ணே, ஒவ்வொரு தேர்தலுக்கும் கச்சத்தீவை மீட்போம் என்கிறார்கள். ஒருவேளை மீட்டேவிட்டால் எங்கள் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தீராது தம்பி. இப்படிச் சொன்னால் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒற்றுமையாக என்மேல் பாய்வார்கள், பரவாயில்லை. கச்சத்தீவு மொத்தமே 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பு இல்லை, அந்தோணியார் கோயில் இருக்கிறது, இலங்கைக் கடற்படை இருக்கிறது. உங்கள் படகுகளைப் பிடிக்கும் இடம் எது என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்: நெடுந்தீவுப் பக்கம், தலைமன்னார்ப் பக்கம், சில நாள் யாழ்ப்பாணக் கரையில் விளக்கு தெரிகிற தூரம். தீவு நம் கைக்கு வந்து எல்லைக் கோடு கொஞ்சம் தள்ளிப்போனாலும், இறால் கிடைக்கிற இடம் அந்தக் கோட்டுக்கும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

ராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஜமீனில் இருந்த தீவு அது. 1921-லேயே சென்னை மாகாணத்துக்கும் சிலோனுக்கும் கோடு போடும் பேச்சு நடந்து, அப்போதே இழுபறி. 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 5-வது பிரிவில் நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று இருக்கிறது, 6-வது பிரிவில் இரு நாட்டுப் படகுகளுக்கும் பாரம்பரிய உரிமை தொடரும் என்று இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் 1974-ஐத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் வலையில் கை வைத்தது 1976 மார்ச் 23 அன்று இரு அரசுகளின் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில்தான் எழுதினார்கள். அவசரநிலைக் காலம் அது, தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கேட்க ஆளும் இல்லை. அந்த ஏற்பாட்டில் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்கிற நல்ல மீன்வளப் பகுதி இந்தியாவுக்கு உறுதியானது. ராமேஸ்வரத்தாருக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2008-ல் இந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்று ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனார். நாட்டின் நிலப்பகுதியைக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று 1960-ல், மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் அந்த வழக்கின் பிடிமானம். யாருடையது என்று முடிவாகாத இடத்தில் எல்லை போட்டோம், நம்முடையதைக் கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் வாதம். 2014-ல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரே, திரும்ப வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்கிற பொருளில் நீதிமன்றத்தில் பேசினார். பிறகு 2025 ஏப்ரல் 2-ல் நம் சட்டமன்றம் மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது, மூன்றாம் நாள் பிரதமர் கொழும்பு போனார், அங்கிருந்து ஏப்ரல் 6-ல் நேராக நம் ஊருக்கு வந்து புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தார். பாலம் கிடைத்தது. தீவைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த செப்டம்பர் 1-ல் இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க கச்சத்தீவில் போய் இறங்கினார். அதற்கு முன் எந்த இலங்கை அதிபரும் அங்கே கால் வைத்ததில்லை. நாம் பேசப் பேச அவர்கள் அங்கே வேரூன்றுகிறார்கள் என்பதுதான் நான் கண்டது.

பாம்பன் நாட்டுப்படகு மீனவர்: விசைப்படகுக்காரர்கள் கடலடியை வாரும் இழுவை மடி வலையை அக்கரைப் பக்கம் போய் இழுக்கிறார்கள், பிடிபடும்போது எங்களுக்கும் சேர்த்துக் கெட்ட பேர். இதை ஏன் யாருமே எழுதுவதில்லை?

எழுதினால் படகு உரிமையாளர் சங்கத்தில் கோபப்படுகிறார்கள், எழுதாவிட்டால் நீங்கள் கோபப்படுகிறீர்கள். முதல் கேள்வி கேட்ட தம்பியும் இதைப் படிக்கட்டும்.

இழுவை மடி நம் ஊர் வழக்கமே இல்லை. 1960-களில் அரசாங்கம் மானியம் கொடுத்து, இறால் ஏற்றுமதியைக் காட்டி, விசைப்படகை வாங்க வைத்தது. பாக் ஜலசந்தியோ ஆழமே இல்லாத கடல். கரையோரம் சட்டப்படி உங்களுக்கு, அதற்கு அப்புறம் கொஞ்சதூரம் போனால் எல்லை. நடுவில் இருக்கிற துண்டுக் கடலில் அத்தனை விசைப்படகும் எப்படிப் பிழைக்கும்? 1983-லிருந்து 2009 வரை அக்கரையில் போர். வடக்கு மாகாண மீனவர்களைக் கடலுக்கே விடவில்லை, எரிபொருளுக்குக் கட்டுப்பாடு, இரவில் தடை. கேட்பாரில்லாத அந்தக் கடலில் நம் படகுகள் ஒரு தலைமுறை முழுக்க ஓடிப் பழகின. போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பி வந்தபோது, அங்கே நம் மடி ஓடிக்கொண்டிருந்தது. மடி போன தடத்தில் இறாலும் நண்டும் மட்டுமா வருகிறது, சங்காயம் என்கிற கழிவு மீனும் குஞ்சும் பாசியும் சேர்ந்து வருகிறது, போகிற வழியில் அவர்கள் போட்ட வலையும் அறுந்து வருகிறது. அந்த வலைக்குச் சொந்தக்காரனும் தமிழன், கடன் வாங்கி வலை வாங்கியவன். இலங்கைக் கடற்படைதான் எதிரி என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்த ஆள் நம் கண்ணிலேயே படமாட்டான்.

2017 ஜூலையில் இலங்கை தன் நாட்டிலேயே இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது, அடுத்த வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைக் கோடிக்கணக்கில் ஏற்றியது. 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைப் பிடித்தார்கள். அந்த ஆகஸ்ட் 1-ல் நெடுந்தீவு அருகே கடற்படைக் கப்பல் மோதி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்னால் ஜூனில் நம் படகைப் பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்ததை நம் பக்கம் பலர் மறந்துவிட்டோம். 2025 ஜனவரி 28-ல் காரைக்கால் படகின் மேல் துப்பாக்கிச் சூடே நடந்தது. டெல்லி இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டித்தது. எல்லை தாண்டியவனைக் கைது செய்யலாம், சுடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

மாற்று வழி என்று 2017-ல் ஆழ்கடல் திட்டம் வந்தது. சூரை (டூனா) பிடிக்கிற படகு 80 லட்சம், அதில் மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், நம் கை 10 சதவீதம், மீதி வங்கிக் கடன். மூன்று வருடத்தில் 2,000 இழுவைப் படகை மாற்றுவோம் என்றார்கள், அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. காரணம் லேசானது: இன்று காலை அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் நாளைக் காலை கரைக்கு வருகிற ஆளிடம், வாரக்கணக்கில் கடலில் கிட, டீசலுக்கு நீ முதல் போடு, தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொள் என்றால் யார் முன்வருவார்? படகைக் கொடுத்தவர்கள் பழக்கத்தைக் கொடுக்க யோசிக்கவில்லை.

2025 மார்ச்சில் நம் மீனவர் பிரதிநிதிகள் வவுனியா போய் அவர்களோடு நேரில் உட்கார்ந்து பேசினார்கள். தீர்வு வரவில்லை, ஆனால் டெல்லி, கொழும்பு அதிகாரிகள் பேசுவதைவிட அந்த அறையில் நடந்த பேச்சில்தான் எனக்கு நம்பிக்கை. இழுவை மடியை எத்தனை வருடத்தில் நிறுத்துவீர்கள் என்பது அவர்கள் எப்போதும் கேட்கும் முதல் கேள்வி. அதற்குத் தேதி சொல்லாமல் நாம் என்ன பேசினாலும் எடுபடாது.

உச்சிப்புளி வாசகர்: எங்கள் ஊர் மேல் அடிக்கடி கடற்படை ஹெலிகாப்டர் பறக்கிறதே, போர் வருமா?

பருந்து என்கிற கடற்படை விமானதளம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது, அது பறக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு ஆசிரியை: நெடுந்தீவில் சீனாக்காரன் உட்கார்ந்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா ஐயா?

இல்லை டீச்சர். ஆனால் உட்கார வந்தது உண்மை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலையும் சூரிய மின்சாரமும் அமைக்கிற வேலையை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். மூன்று தீவும் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரம்தான். டெல்லி எதிர்த்தது, வேலை நின்றது. அதே 2021 டிசம்பரில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்தார், நல்லூரில் வேட்டி கட்டி சாமி கும்பிட்டார், அப்படியே மன்னார் வந்து கடற்படைப் படகில் ஏறி ராமர் பாலத்து மணல்திட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார். சுற்றுலா என்று நீங்கள் நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள். கடைசியில் 2024 மார்ச்சில் 110 லட்சம் டாலர் இந்திய மானியத்தில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு அந்த வேலை போனது.

சீனா உட்கார்ந்திருக்கிற இடம் தெற்கே அம்பாந்தோட்டை. 2017-ல் 99 வருடக் குத்தகை. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்கிற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றபோது தூத்துக்குடி, கூடங்குளம் வரைக்கும் வேவு பார்க்கும் என்று இங்கே பரபரப்பானது. இலங்கைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், 2024 முழுக்க எந்த நாட்டு ஆராய்ச்சிக் கப்பலும் வேண்டாம் என்று ஒரு வருடம் கதவைச் சாத்தினார்கள், யாருக்கும் இல்லை என்றால் யாரும் கோபப்பட முடியாதே. 2025 ஏப்ரலில் இந்தியாவோடு பாதுகாப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் போட்டார்கள். இரண்டு பெரிய வீட்டுக்கு நடுவில் இருக்கிற சின்ன வீட்டுக்காரன் இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் மொய் எழுதத்தான் செய்வான். நாம் கேட்க வேண்டியது நம் மொய் என்ன என்பதை.

திருவாடானை வாசகர்: அனுர குமார தமிழருக்கு நல்லவரா கெட்டவரா? ஒரே வரியில் சொல்லவும்.

ஒரே வரியில் சொல்கிற மாதிரி ஆள் அவர் இல்லை. அவருடைய கட்சியான ஜேவிபி 1971-லும் 1987–89-லும் ஆயுதம் எடுத்த கட்சி. இரண்டாவது முறை எடுத்ததே ராஜீவ்–ஜெயவர்தன ஒப்பந்தத்தையும் இந்தியப் படையையும் எதிர்த்துத்தான். வடக்கையும் கிழக்கையும் சேர்த்து வைத்திருந்ததை 2006-ல் நீதிமன்றம் போய்ப் பிரித்ததும் அவர்களே. அப்படிப்பட்ட கட்சியின் கூட்டணிக்கு 2024 நவம்பரில் 225-க்கு 159 இடம், அதிலும் யாழ்ப்பாண மாவட்டத்தில் 6-க்கு 3! பழைய தமிழ்க் கட்சிகள் மேல் மக்களுக்கு வந்த சலிப்பு அது. ஆறே மாதத்தில், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில், வடக்கில் தமிழரசுக் கட்சி மறுபடி எழுந்தது. ஆக மக்கள் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை.

அவர் வந்த பிறகு ராணுவம் பிடித்து வைத்திருந்த நிலத்தில் கொஞ்சம் விட்டார்கள், சாலைகள் சிலவற்றைத் திறந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் அப்படியே. வடக்கு மாகாண சபைக்கு 2013-ல் நடந்ததுதான் கடைசித் தேர்தல், 2018-ல் ஆயுள் முடிந்து ஆளுநர் கையில் கிடக்கிறது. 2025-ல் யாழ்ப்பாணம் செம்மணியில் மனிதப் புதைகுழி தோண்டினார்கள், குழந்தைகளின் எலும்பு, பள்ளிப் பை எல்லாம் வெளியே வந்தது. அந்த விசாரணை எங்கே போய் முடிகிறது என்பதை வைத்துத்தான் நான் அவருக்கு மார்க் போடுவேன். மீனவர் விஷயத்தில் முந்தைய ஆட்களைவிட இவர் கறார். வடக்கு மீனவனின் ஓட்டும் இவருக்கு வேண்டுமே.

ராமநாதபுரம் கல்லூரி மாணவர்: இலங்கை, வங்கதேசம், நேபாளம் என்று வரிசையாக இளைஞர்கள் ஆட்சியைக் கவிழ்க்கிறார்கள். இதற்குப் பின்னால் வெளிநாட்டுச் சதி இருக்கிறது என்கிறார் எங்கள் பேராசிரியர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணா?

உங்கள் பேராசிரியர் 2022 மார்ச்சில் அரிச்சல்முனைக்கு வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தனுஷ்கோடிக்கு அப்பால் நான்காம் மணல்திட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுப் படகுக்காரன் போய்விட்டான். கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட்டில் போய்த் தூக்கி வந்தது. இப்போது போர் இல்லையே, ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம் அவர்கள் சொன்னது அரிசி விலை, பால்மா (பால் பவுடர்) விலை, வேலை இல்லை என்பதுதான். வரியைக் குறைத்து, டாலரைக் கரைத்து, 2021-ல் ஒரே ராத்திரியில் ரசாயன உரத்தைத் தடை செய்து நெல் விளைச்சலைக் கெடுத்து, கடைசியில் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது அதிபர் கோத்தபய அரசு. ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள், அவர் மாலத்தீவு வழியாக சிங்கப்பூர் ஓடினார். இதில் சதிக்கு எங்கே இடம்? கேஸ் சிலிண்டர் வரிசையில் நின்றவனுக்கு அமெரிக்கா சொல்லித்தான் கோபம் வர வேண்டுமா?

வங்கதேசத்தில் அரசு வேலையில் 30 சதவீதம் விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு என்ற இடஒதுக்கீட்டில் தொடங்கியது. போராடிய மாணவர்களைப் பிரதமர் ஷேக் ஹசீனாவின் அரசு சுட்டது, 2024 ஆகஸ்ட் 5-ல் அவர் விமானம் ஏறி இந்தியாவுக்கு வந்தார், இன்னும் இங்கேதான் இருக்கிறார். 2025 நவம்பரில் டாக்கா தீர்ப்பாயம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. திருப்பி அனுப்பச் சொல்லி அவர்கள் கேட்க, நாம் கேட்காத மாதிரி இருக்க, உறவு கசந்தது. 2026 பிப்ரவரி 12 தேர்தல் தேதி என்று அறிவித்தார்கள். ஹசீனாவின் கட்சியான அவாமி லீக்குக்கு அதில் இடம் கொடுக்கவில்லை. இது எனக்கு உறுத்துகிறது, ஒரு கட்சியைத் தோற்கடிப்பது வேறு, போட்டியிடவே விடாதது வேறு.

நேபாளத்தில் 2025 செப்டம்பரில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் உட்பட 26 தளங்களை மூடினார்கள். அங்கே வீட்டுக்கு ஒரு ஆள் கத்தாரிலோ மலேசியாவிலோ இருப்பான், அவனோடு பேசுகிற வழியை மூடினால் சும்மா இருப்பார்களா? தலைவர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் போடுகிற ஆட்டத்தைப் படம் போட்டு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தவர்கள். முதல் நாளே 19 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், மறுநாள் பிரதமர் ஒலி ராஜினாமா, நாடாளுமன்றமே எரிந்தது. முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமர் ஆனார், 2026 மார்ச் 5-ல் தேர்தல் என்று அறிவித்தார்கள்.

மூன்று நாட்டிலும் கவிழ்ந்தது ஒரு சாதாரண அரசாங்கம் இல்லை, குடும்பமோ கும்பலோ வருடக்கணக்கில் நாற்காலியை மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்த ஏற்பாடு. சீனாவுக்கு வேண்டியவர் ஒரு இடத்தில் விழுந்தார், இந்தியாவுக்கு வேண்டியவர் ஒரு இடத்தில் விழுந்தார். ஆகவே டெல்லியோ பெய்ஜிங்கோ கயிறு இழுத்துத்தான் எல்லாம் நடக்கிறது என்பது, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்று சொல்வதற்குச் சமம். நம் ஊரில் நடக்குமா என்று கேட்க வந்து கேட்காமல் விட்டிருக்கிறீர்கள். இங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற முடிகிற வரை அதற்கு அவசியம் வராது என்று நினைக்கிறேன்.

வாலிநோக்கம் வாசகர்: மாலத்தீவு நம்மோடு சண்டையா சமாதானமா?

இப்போதைக்கு சமாதானம். 'இந்தியாவே வெளியேறு' என்று பிரசாரம் செய்து 2023-ல் ஜெயித்த அதிபர் முய்சு, நம் ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொள்ள இருந்த சுமார் 80 ராணுவத்தாரை 2024 மே மாதத்துக்குள் அனுப்பிவைத்தார், அந்த இடத்துக்கு சிவில் ஆட்கள் போனார்கள். நடுவில் லட்சத்தீவு படங்களை வைத்து ஒரு சண்டை, நம்மவர்கள் அங்கே சுற்றுலா போவதை நிறுத்தினார்கள். டாலர் தீர்ந்தபோது அதே முய்சு 2024 அக்டோபரில் டெல்லி வந்து 40 கோடி டாலர் பண உதவி பெற்றார், 2025 ஜூலையில் அவர்களுடைய சுதந்திர தினத்துக்கு மோடிதான் சிறப்பு விருந்தாளி. உங்கள் பக்கத்துப் படகுகள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கட்டும். 2023-ல் தருவைகுளம் படகைப் பிடித்துக் கோடிக்கணக்கில் அபராதம் போட்டார்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் தம்மாமில் இருக்கிறார். சவுதி பாகிஸ்தானோடு ராணுவ ஒப்பந்தம் போட்டதால் நம் ஆட்களை அனுப்பிவிடுவார்களா? காக்கா (அண்ணன்) ஒருத்தர் அப்படிச் சொல்லி பயமுறுத்துகிறார்.

காக்காவிடம் சொல்லுங்கள், அப்படி ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பர் 17-ல் ரியாத்தில் போட்ட ஒப்பந்தம், ஒருவர் மேல் தாக்குதல் நடந்தால் இருவர் மேலும் நடந்ததாகக் கருதுவோம் என்கிறது. அதற்கு எட்டு நாள் முன்னால்தான் இஸ்ரேல் கத்தாரின் தோஹாவில் குண்டு போட்டிருந்தது. அமெரிக்கா இருக்கும்போதே இப்படி என்றால் நம்மை யார் காப்பாற்றுவார் என்ற பயம் அரபு நாடுகளுக்கு. பாகிஸ்தானுக்கோ பணம் வேண்டும். பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டு, மே 7-ல் சிந்தூர் நடவடிக்கை நடந்து, மே 10-ல் சண்டை நின்ற அதே வருடத்தில் இது வந்ததால் இங்கே பெரிதாகத் தெரிந்தது.

சவுதியில் 26 லட்சம் இந்தியர்கள் அளவில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியும் ரிஃபைனரியும் கட்டுமானமும் அவர்களை வைத்துத்தான் ஓடுகின்றன. எண்ணெய் வாங்குகிற பெரிய வாடிக்கையாளரை இஸ்லாமாபாத்துக்காக சவுதி இழக்காது. உங்கள் வீட்டுக்காரரின் வேலைக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது சவுதி ஆட்களுக்கே வேலை என்று அவர்கள் ஒதுக்கீடு கூட்டிக்கொண்டே போவதுதான், பாகிஸ்தான் இல்லை.

மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த இளைஞர்: நான் பிறந்தது 1996. இலங்கையைப் பார்த்ததே இல்லை. எனக்கு எப்போது குடியுரிமை?

தம்பி, பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986-ல் உங்கள் மண்டபம் முகாமிலேயே பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுத்தார்கள், 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கொடுக்கச் சொன்னது, 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு இன்னும் கடினம். 2019 சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தாருக்கு வழி திறந்தது, உங்களை விட்டுவிட்டது. மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நாட்டை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு நாடாளுமன்றத்தில் சொன்ன பதில் எதுவும் எனக்கு விளங்கவில்லை.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை. குடியுரிமை இல்லை, ஆனால் சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையை அழிக்க வழக்கறிஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாட முடியும். உங்கள் பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு, பள்ளிச் சான்று மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பெற்றோரில் யாராவது மலையகத்திலிருந்து வந்த இந்திய வம்சாவளி என்றால் அந்தக் காகிதத்தை முதலில் தேடுங்கள், அவர்களுக்கு வழி வேறு.

பரமக்குடி, டிஎன்பிஎஸ்சி படிப்பவர்: தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் இன்னும் இருக்கிறதா?

தேர்வுக்கு இருக்கிறது. 1985 டிசம்பர் 8, டாக்கா, தலைமையகம் காத்மாண்டு, எழுதிக்கொள்ளுங்கள். கடைசி உச்சி மாநாடு 2014-ல் காத்மாண்டில். 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது உரி தாக்குதலுக்குப் பின் நின்றுபோனது, அதற்கப்புறம் தலைவர்கள் உட்காரவே இல்லை. பாகிஸ்தான் இல்லாத, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் பக்கம் டெல்லி சாய்ந்துவிட்டது.

வேதாளை வாசகர்: எங்கள் கரையில் தங்கம் பிடித்தார்கள், கடல் அட்டை பிடித்தார்கள் என்று தினமும் செய்தி. தீவிரவாதி வருவான் என்கிறார்களே, அப்படி யாராவது வந்தார்களா?

2008 மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் மீன்பிடிப் படகில்தான் வந்தார்கள், அதனால்தான் சாகர் கவாச் என்று ஒத்திகை வைத்து, போலீசாரையே மாறுவேடத்தில் படகில் அனுப்பி, பிடிக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் பிடித்துக் கொடுப்பவர்கள் மீனவர்களே. ஆனால் இந்தக் கரையில் அன்றாடம் நடப்பது வியாபாரம். அங்கிருந்து தங்கம், இங்கிருந்து பீடி இலை, மஞ்சள், மாத்திரை, கடல் அட்டை. 2023-ல் மண்டபம் கடலில் 32 கிலோவுக்கு மேல் தங்கம் பிடிபட்டது, துரத்தும்போது கடலில் வீசியதை முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்தார்கள். கடல் அட்டையை இங்கே 2001 முதல் புலிக்குச் சமமாக அட்டவணையில் வைத்துத் தடை செய்திருக்கிறோம். அக்கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள், சீனாவுக்கு ஏற்றுமதி. ஒரே கடலில் ஒரு பக்கம் சிறை, ஒரு பக்கம் உரிமம் என்றால் சரக்கு எந்தப் பக்கம் ஓடும்? இரண்டு நாடும் ஒரே விதி வைத்தாலே பாதி ரோந்து குறையும். பிடிபடுவதும் சுமந்து போகிறவன்தான், முதல் போட்டவன் எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

தொண்டி வாசகர்: டிட்வா புயலில் இலங்கைக்கு அள்ளிக் கொடுத்தோம். நன்றிக்காவது நம் படகுகளை விட வேண்டாமா?

உதவியையும் படகையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் அங்கே 600 பேருக்கு மேல் இறந்தார்கள், மலையகம் சரிந்தது. கொழும்பில் நின்ற விக்ராந்த் கப்பலிலிருந்தே நாம் முதல் சரக்கை இறக்கினோம், ராணுவப் பொறியாளர்கள் போய் வடக்கில் பாலம் போட்டார்கள், பிறகு 45 கோடி டாலர் உதவி என்று அறிவிப்பு. நல்ல காரியம். 2022 நெருக்கடியிலும் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தோம். அதற்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு மறுவாரம் படகைப் பிடிப்பார்கள், ஏனென்றால் வலை அறுந்த மன்னார் மீனவனுக்கு அந்த டாலர் வந்து சேரவில்லை. அவன் வலைக்கு நஷ்டஈடு கொடுக்க ஒரு பொது நிதி, இரு அரசும் பாதிப் பாதி போட்டு, ஏன் வைக்கக் கூடாது என்று நான் பல அதிகாரிகளிடம் கேட்டுவிட்டேன். நல்ல யோசனை என்கிறார்கள், டீ கொடுக்கிறார்கள்.

ராமேஸ்வரம் வாசகி: தலைமன்னார் கப்பல் எப்போது அக்கா அண்ணே யாராவது சொல்லுங்களேன், அம்மாவுக்கு மன்னாரில் தங்கை இருக்கிறார்.

அண்ணன்தான் எழுதுகிறேன். அறிவிப்பு பலமுறை வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. 1964 புயலில் தனுஷ்கோடி போன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து 80-கள் வரை ஓடியது, போர் நிறுத்தியது. இப்போதைக்கு நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2024 ஆகஸ்டிலிருந்து மறுபடி ஓடுகிறது. பருவமழைக் காலத்தில் நிற்கும், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து மன்னாருக்கு பஸ் உண்டு. அம்மாவுக்கு பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். அதுவரை சின்னம்மாவை கச்சத்தீவுத் திருவிழாவுக்கு வரச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பக்கத்திலிருந்து போக மாவட்ட நிர்வாகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், படகுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, கடைசி வாரத்தில் போய் நின்றால் இடம் கிடைக்காது.